"நோ டிஸ்க்" என்றால் வட்டு பழுதா? பழைய பிளேயரும் புதிய இறுவட்டும்

போன மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையிலிருந்து, கூத்துப் பழக்கி மத்தளம் அடிக்கும் ஓர் அண்ணாவியார் கல்லடியிலுள்ள என் கடைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு புளூ-ரே இறுவட்டும் ஏழு பழைய வி.சி.டி.களும் (படம் பதிந்த சி.டி.) இருந்தன. அவருடைய மருமகன் சுவிஸிலிருந்து வந்து நின்றபோது வடமோடிக் கூத்தொன்றின் அரங்கேற்றத்தைப் படம்பிடித்து, திரும்பிப் போனபின் மூன்று மணி நேரமாகச் சுருக்கி, அந்தப் புளூ-ரேயில் பதிந்து அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, இந்த வட்டு செத்துப்போய்விட்டது. பேரன் பற்பசை போட்டுத் தேய்த்தும் பார்த்தான். வீட்டுப் பிளேயர் பெட்டி 'நோ டிஸ்க்' என்றே சொல்கிறது" என்றார்.

வட்டு சாகவில்லை. புளூ-ரே டிரைவ் உள்ள என் கணினியில் போட்டதும் மத்தளச் சத்தம் கடையை நிறைத்தது. வட்டில் இருந்த ஒரே காயம் பேரனின் பற்பசை போட்டதுதான்.

பழைய வடிவங்களை மாற்றிக் கொடுப்பது என் தொழில். "பழுது" என்று வருகிற வட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. பெட்டி "நோ டிஸ்க்" என்றால் "எனக்குத் தெரியவில்லை" என்று மட்டுமே பொருள். "வட்டு பழுது" என்று அதை நாமாக மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஆகவே துணியையும் பற்பசையையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, பெட்டி என்ன செய்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். கீழே அந்தக் குறிகளின்படியே எழுதுகிறேன்.

சில தடவை சுழன்று, பிறகு "நோ டிஸ்க்" என்கிறது

கையிலிருப்பது எந்த வட்டு என்று பாருங்கள். மேல்முகத்தில் 700 எம்பி என்று அச்சிட்டிருந்தால் சி.டி. 4.7 ஜிபி என்றால் சாதாரண டி.வி.டி., 8.5 என்றால் இரண்டு அடுக்கு டி.வி.டி. 25 அல்லது 50 என்றால் புளூ-ரே. ஆனால் நம் ஊர்க் கலியாண வட்டுகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் துளைவரைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எழுத்துக்கு இடமே இருக்காது. அப்போது வட்டைத் திருப்பி அடிப்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிந்த டி.வி.டி.யின் அடிப்புறம் பெரும்பாலும் ஊதா. சி.டி. என்றால் பச்சை, நீலம், பொன் ஆகியவற்றில் ஒன்றின் சாயல் தெரியும். புளூ-ரே கருஞ்சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். நிறம் நூற்றுக்கு நூறு சாட்சி ஆகாது என்றாலும் முதல் சந்தேகத்துக்குப் போதும்.

அது புளூ-ரே, வீட்டில் உள்ளது டி.வி.டி. பிளேயர் என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது. துடைப்பதாலோ பிளேயரின் வில்லையை (லென்ஸை) சுத்தம் செய்வதாலோ பிளேயருக்குப் புதிய மென்பொருள் ஏற்றுவதாலோ ஒன்றும் ஆகாது. காரணம் ஒளியில் இருக்கிறது.

1982இல் வந்த சி.டி.யை வாசிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். தரவு எழுதிய அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. 1996இல் டி.வி.டி. வந்தபோது லேசர் சிவப்பாகி 650 நானோமீட்டருக்கு இறங்கியது. தட இடைவெளி 0.74 ஆனது. 2006இல் திரைப்படங்களோடு விற்பனைக்கு வந்த புளூ-ரேயில் 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்; தட இடைவெளி 0.32 மட்டுமே. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளியைச் சிறிதாகக் குவிக்கலாம். புள்ளி சிறிதானால் அதே அகல வட்டில் கூடுதல் தடங்களை நெருக்கி எழுதலாம். 700 எம்பியிலிருந்து 25 ஜிபிக்கு ஏறிய கதை இதுதான். வாவியில் வலை வீசுகிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கண் பெரிய வலையில் கூனி இறால் அகப்படாது.

ஆழமும் மாறியது. தரவு அடுக்கு, லேசர் நுழையும் பக்கத்திலிருந்து சி.டி.யில் 1.2 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, டி.வி.டி.யில் 0.6, புளூ-ரேயில் வெறும் 0.1. டி.வி.டி. பிளேயரின் வில்லை மேலும் கீழும் அசைந்து 0.6 மில்லிமீட்டரில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டுக் கையை விரிக்கும். நீங்கள் கேட்கிற அந்தச் "சர்... சர்..." சத்தம் இந்தத் தேடல்தான்.

பற்பசை விடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சி.டி.யில் அடிப்புறக் கீறலை விட மேற்புறக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் தரவு லேபிளுக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சுக்குள் இருக்கிறது. டி.வி.டி.யில் தரவு இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. புளூ-ரேயில் அது அடிப்புறத்துக்கு மிக அருகில். அதற்காகவே அதன்மேல் கடினப் பூச்சு ஒன்று பூசுகிறார்கள். பற்பசையில் இருப்பது அரம்போலத் தேய்க்கும் நுண்ணிய பொடி. சி.டி.யின் அடிப்புறத்தில் தேய்த்து யாரோ ஒருவருக்கு எப்போதோ பலன் கிடைத்திருக்கலாம். புளூ-ரேயில் தேய்த்தால் கடினப் பூச்சை நீங்களே உரித்துக் கொடுக்கிறீர்கள். அண்ணாவியாரின் பேரன் மென்மையான கைக்காரன், தப்பியது.

பழைய பெட்டியை மாற்றாமலே படத்தைப் பார்க்க வழி உண்டு. புளூ-ரே டிரைவ் உள்ள கணினியில் வட்டைத் திறந்தால் பி.டி.எம்.வி. என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ஸ்ட்ரீம் என்றொரு கோப்புறை. அதில் எம்2டிஎஸ் கோப்புகள். சொந்தக்காரர் பதிந்த வட்டில் நகல் பூட்டு இருக்காது, ஆகவே வி.எல்.சி. என்ற மென்பொருள் அவற்றை அப்படியே ஓட்டும். அவற்றை டி.வி.டி.க்குரிய எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றி எழுதினால் பழைய பெட்டி ஓட்டும். 1920க்கு 1080 புள்ளிகள் 720க்கு 576 ஆகக் குறையும். அண்ணாவியாருக்கு இரண்டு டி.வி.டி. செய்து கொடுத்தேன். அவருடைய தொலைக்காட்சிக்கு அந்தத் தெளிவே போதும்.

பென்டிரைவில் கேட்கிறவர்களுக்கு ஒரு சொல். ஃபேட்32 என்ற கோப்பு முறையில் உள்ள பென்டிரைவ் 4 ஜிபியை விடப் பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் இருக்கிறதே, ஏன் ஏற்கவில்லை என்று குழம்பாமல் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் தொலைக்காட்சி எக்ஸ்ஃபேட்டை வாசிக்காவிட்டால் படத்தைத் துண்டுகளாக்குங்கள்.

அடுத்து, கையிலிருப்பது டி.வி.டி.தான், பெட்டியும் டி.வி.டி. பெட்டிதான், இருந்தும் "நோ டிஸ்க்" என்றால்? கடையில் வாங்கிய, நன்றாக ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் பெட்டியின் வில்லையில் தூசு, அல்லது லேசர் சோர்ந்துவிட்டது. அது ஓடி உங்கள் வட்டு மட்டும் ஓடாவிட்டால் அது திரும்பத் திரும்ப எழுதும் வகையா என்று பாருங்கள். அச்சடித்த வட்டு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மீள எழுதும் வட்டு அதைவிட மிகக் குறைவாகவே அனுப்பும். பழைய பெட்டிகளின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதாது. அதே படத்தை ஒருமுறை எழுதும் வட்டில் போட்டால் விடயம் முடிந்தது.

மாரிக் காலத்துக்கு மட்டும் உரிய குறியொன்றும் உண்டு. குளிரூட்டிய வாகனத்தில் கொழும்பிலிருந்து வந்த பெட்டியை இறக்கியவுடன் போட்டால் எந்த வட்டையும் வாசிக்காது. வில்லையில் நீர் படிந்திருக்கும். இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள்.

வட்டு தெரிகிறது, பெயர்கூட வருகிறது, படம் மட்டும் வரவில்லை

ஒளி போய்ச் சேர்ந்துவிட்டது, மொழிதான் புரியவில்லை. சோனியும் பனசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. என்ற முறையில் உயர்தெளிவுப் படத்தைச் சாதாரண டி.வி.டி. வட்டிலேயே பதியலாம். அடிப்புறம் ஊதா, மேலே 4.7 ஜிபி, எல்லாம் டி.வி.டி.போலவே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது எச்.264 என்ற முறையில் சுருக்கிய படம். பல புளூ-ரே பிளேயர்கள் இதை ஓட்டும், சாதாரண டி.வி.டி. பிளேயர் ஓட்டாது. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்), மகளின் கலியாண வட்டை ஸ்டூடியோக்காரர் ஏமாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கொதித்துக்கொண்டு வந்தார். ஸ்டூடியோக்காரர் உண்மையில் கூடுதலாகவே கொடுத்திருந்தார். சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார். கணினியில் போட்டுக் கோப்புறையின் பெயரைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வீடியோ டிஎஸ் என்றிருந்தால் டி.வி.டி. பிளேயருக்கு உரியது. பி.டி.எம்.வி. என்றிருந்தால் அல்ல.

புளூ-ரே பிளேயரே புளூ-ரேயை மறுக்கிறது

இதுதான் ஆட்களுக்கு அதிகம் கோபம் வரும் இடம். காசு கொடுத்துப் புதிய பெட்டி வாங்கிய பிறகும் ஏன் இந்தப் பாடு என்பார்கள். புளூ-ரே என்ற ஒரே பெயருக்குள் பல தலைமுறைகள் ஒளிந்திருக்கின்றன.

2010இல் வந்த பி.டி.எக்ஸ்.எல். வட்டில் மூன்று அடுக்கு என்றால் 100 ஜிபி, நான்கு என்றால் 128 ஜிபி. இரண்டு அடுக்குக்கு மட்டும் செய்த டிரைவ் இதை வாசிக்காது. டிரைவின் முகப்பில் எக்ஸ்.எல். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

2016இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூ-ரே வேறு. லேசர் அதே 405 நானோமீட்டர்தான். ஆனால் ஓர் அடுக்கிலேயே ஏறத்தாழ 33 ஜிபி நெருக்கிய வட்டுகளும் உண்டு, படச்சுருக்க முறையும் எச்.265. முந்தைய புளூ-ரே பிளேயர்களால் ஓட்ட முடியாது. பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது, அதன் புரோ வகையும் ஓட்டாது. வட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 ஓட்டும். இந்த வட்டுகளின் உறை பெரும்பாலும் கறுப்பு. சாதாரண புளூ-ரேயின் உறை நீலம். லண்டனிலிருந்து யாராவது கறுப்பு உறைப் படம் அனுப்பினால் உறைக்குள் இன்னொரு வட்டு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பல பொதிகளில் சாதாரண புளூ-ரேயையும் சேர்த்தே வைத்திருப்பார்கள்.

பதிவு செய்யும் புளூ-ரேகளிலும் ஒரு பிரிவு உண்டு. வழக்கமான வட்டில் லேசர் சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும். சாயம் பூசிய எல்.டி.எச். வகையில் தலைகீழ்: சுட்ட இடம் கூடுதலாகத் திருப்பும். தொடக்ககாலப் பெட்டிகளுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாது. இதற்கு மட்டும் சில பெட்டிகளில் மென்பொருள் புதுப்பிப்பு உதவும். வட்டு வாங்கும்போது உறையில் எல்.டி.எச். என்று கண்டால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மலிவாக இருக்கட்டும், வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளில் அரிதாக எச்.டி. டி.வி.டி. என்ற சிவப்பு உறை வட்டும் வரும். அதுவும் நீல ஊதா லேசர்தான், ஆனால் தரவு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தோஷிபா 2008 பெப்ரவரியில் அதைக் கைவிட்டது. புளூ-ரே பெட்டியில் ஓடாது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வரை நன்றாக ஓடி, அங்கே உறைகிறது

எந்தப் பாதி என்று கேட்பேன். அதில்தான் விடை இருக்கிறது.

வட்டு நடுவிலிருந்து வெளியே வாசிக்கப்படுகிறது. இரண்டு அடுக்கு டி.வி.டி. படத்தில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து விளிம்புவரை வாசித்து, விளிம்பில் அடுத்த அடுக்குக்குத் தாவி, மறுபடி உள்ளே திரும்பி வரும். ஆகவே 8.5 ஜிபி வட்டு சரியாக நடுப்பகுதியில் நின்றால் அந்தத் தாவலில்தான் சிக்கல். அத்தியாயப் பொத்தானால் அந்த இடத்தைக் கடந்து போங்கள். பிற்பாதி ஓடினால் வட்டில் தரவு முழுமையாக இருக்கிறது. பெட்டியின் லேசர்தான் தாவத் தடுமாறுகிறது. இன்னொரு பெட்டியில் போட்டு நகல் எடுத்து, இரண்டு ஒற்றை அடுக்கு வட்டுகளாகப் பிரித்தால் பிறகு தொல்லை இல்லை.

ஒற்றை அடுக்கு வட்டு முடிவுக்குக் கிட்டே நின்றால் சந்தேகம் விளிம்பின்மேல். நாம் வட்டைப் பிடிப்பதே விளிம்பில். கைரேகை அங்கேதான் சேரும். கலங்கிய நீரில் தோய்ந்த துணி வேண்டாம். மென்மையான பருத்தித் துணி, நல்ல தண்ணீர், தேவைப்பட்டால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது: குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் தாண்டிவிடும், தடத்தோடு ஓடும் கீறலைத் தாண்டத் திணறும்.

வட்டின்மேல் ஒட்டிய காகித லேபிளும் இப்படிச் செய்யும். நம் ஈரப்பதத்தில் காகிதம் ஊறி ஒருபக்கம் வீங்கும், வட்டு நெளியும், வேகமாகச் சுழலும்போது விளிம்பு ஆடும். உரித்தெடுக்க முயலாதீர்கள், சி.டி. என்றால் தரவும் சேர்ந்து உரிந்து வரும். அப்படியே வைத்துக் கணினியில் நகல் எடுங்கள்.

கணினி "ஃபோர்மட் செய்யவா?" என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். மீள எழுதும் வட்டாக இருந்தால் அந்த ஒரு சொடுக்கில் எல்லாம் போய்விடும். இரண்டு காரணங்கள் இருக்கலாம். புளூ-ரே படங்கள் யு.டி.எஃப். 2.5 என்ற கோப்பு முறையில் எழுதப்படுகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2.01 வரைதான் தெரியும். டிரைவ் புதிதாக இருந்தாலும் இயங்குதளம் பழையது என்றால் வட்டு வெறுமையாகவே தெரியும். விஸ்டாவிலிருந்து இந்தச் சிக்கல் இல்லை. மற்றக் காரணம், பதிந்தவர் வட்டை மூடாமல் விட்டது. கமராவிலோ ரெக்கோடரிலோ பதிந்தால் இறுதியில் "ஃபைனலைஸ்" என்ற கட்டளை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிந்த கருவிக்கு மட்டுமே அது வட்டு. அதே கருவியில் போட்டு மூடி எடுத்து வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த படம் "ரீஜன்" என்று மறுக்கிறது

கடையில் வாங்கிய வட்டுக்கு மட்டுமே இந்தக் கேள்வி. டி.வி.டி.யில் இலங்கை 5ஆம் வலயம், ஐரோப்பா 2, கனடா 1. புளூ-ரேயில் நாம் சி, ஐரோப்பா பி, வட அமெரிக்கா ஏ. கணினி டிரைவில் டி.வி.டி. வலயத்தை ஐந்து தடவை மாற்றலாம்; ஐந்தாவதில் அது நிரந்தரமாகிவிடும். அல்ட்ரா எச்.டி.யில் வலயமே இல்லை. மாமா பதிந்து அனுப்பிய பிறந்தநாள் வட்டுக்கு வலயம் கிடையாது. கனடாவிலிருந்து வந்த அது பழைய தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையாக ஓடினால் என்.டி.எஸ்.சி., பால் (PAL) என்ற இரண்டு தொலைக்காட்சி முறைகளுக்கும் உள்ள பிணக்கு. பெட்டியின் அமைப்பில் மாற்றிப் பாருங்கள்.

டிரைவ் புளூ-ரேயை வாசிக்கிறது, எழுத மறுக்கிறது

"கொம்போ" டிரைவ் என்றால் புளூ-ரேயை வாசிக்கும், டி.வி.டி.யை மட்டுமே எழுதும். வாங்கும்போதே பாருங்கள். உண்மையான ரைட்டர் பாதியில் விழுந்தால் யு.எஸ்.பி. மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி அம்பியர்தான் தரும், எழுதும் லேசருக்கு அது போதாமல் போகும். இரட்டை முனை வடத்தையோ 3.0 துளையையோ பயன்படுத்துங்கள். 25 ஜிபி வட்டில் 23.3 மட்டுமே காட்டுகிறது என்றால் யாரும் திருடவில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

புதிய பெட்டி புளூ-ரே ஓட்டுகிறது, பழைய வி.சி.டி.யை ஓட்டவில்லை

புதியது பழையதை வாசிக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் வாசிக்கிறது, ஆனால் புளூ-ரே விதிகள் அதைக் கட்டாயமாக்கவில்லை. தயாரிப்பாளர் சிவப்பு லேசரையும் அகச்சிவப்பு லேசரையும் கூடுதலாக வைத்தால்தான் உண்டு. பிளேஸ்டேஷன் 4 டி.வி.டி.யும் புளூ-ரேயும் ஓட்டும், பாட்டு சி.டி. ஓட்டாது. அதேபோல டி.வி.டி. நன்றாக ஓடி, சி.டி.கள் எல்லாமே "நோ டிஸ்க்" என்றால் அந்தப் பெட்டியின் அகச்சிவப்பு லேசர் மட்டும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாவியாரின் ஏழு வி.சி.டி.களும் இந்த இடத்துக்குத்தான் வந்தன. விடிய விடிய ஆடிய கூத்து. ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம் என்று ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். அதே தெளிவில் எல்லாம் இரண்டு அடுக்கு டி.வி.டி. ஒன்றுக்குள் அடங்கிவிடும், புளூ-ரேயில் மூலைக்கும் காணாது. ஆனால் வாசித்தெடுக்க வேண்டுமே. வி.சி.டி. தன் படப்பகுதியில் பிழைதிருத்தத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, துண்டு ஒன்றில் 2048 பைட்டுக்குப் பதிலாக 2324 பைட் வைக்கிறது. சிறு கீறல் பட்டாலும் டாட் (.DAT) என்ற படக் கோப்பை நகலெடுக்கும்போது விண்டோஸ் நடுவில் நின்றுவிடும். வி.எல்.சி.யில் வட்டை ஓடவிட்டு ஓட்டத்திலேயே பதிவது நல்லது. ஒரு கணம் படம் சிதறும், ஆனால் மீதி கிடைக்கும்.

ஆறு வட்டுகள் வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் என் புளூ-ரே டிரைவிலும் வரவில்லை, மடிக்கணினி டி.வி.டி. டிரைவிலும் வரவில்லை. கடையின் பின்னால் கிடந்த ஒரு பழைய கணினியில், சி.டி. மட்டும் தெரிந்த டிரைவ் ஒன்று இருந்தது. தூசு தட்டி, மெதுவான வேகத்தில் விட்டேன். முக்கி முனகி வாசித்தது. இரண்டு இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அண்ணாவியார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"உடைந்ததைப் பற்றிக் கவலை இல்லை தம்பி. அதற்கு முந்தைய தருவில் (கூத்துப் பாட்டில்) மத்தளம் பிந்திவிட்டது. அது என் கைதான்" என்றார்.